ஒரே அறை வீட்டில் குழந்தையின் தூக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து மக்களை நகரத்துக்கு வெளியே கொண்டுவந்து குடிவைத்த கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கத்து அங்கன்வாடிகளில் தாய்மார் கூட்டம் நடக்கும்போது சத்துமாவில் ஆரம்பிக்கும் பேச்சு, தடுப்பூசிக்குப் போய், கடைசியில் எப்படியோ தூக்கத்தில் வந்து நிற்கும். "ராத்திரி தூங்கவே மாட்டேங்குது, என்னதான் செய்றது?" அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியது. நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் காட்ட வேண்டியது எது என்று ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

எம்புட்டு நேரந்தான் தூங்கணும் ஒரு குழந்தை?

உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஒரு கணக்குக் கொடுத்தது. பிறந்து மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம். நான்கு மாதத்திலிருந்து ஒரு வயது நிறையும் வரை 12 முதல் 16. ஒன்று, இரண்டு வயதுக்கு 11 முதல் 14. மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13. பகல் தூக்கமும் இதில் சேர்த்திதான்.

ஒருநாள் கணக்கை வைத்துக் கவலைப்பட வேண்டாம். ஒரு வாரம் பாருங்கள். காலையில் தானாக எழுகிறதா, பகலில் காரணமில்லாமல் சிணுங்குகிறதா, பஸ்ஸில் ஏறிய உடனே சாய்ந்துவிடுகிறதா? கடிகாரத்தைவிட இவை தெளிவாகச் சொல்லும்.

எங்க வீடு ஒரே ரூம். எல்லாரும் ஒண்ணாத்தான் படுக்கிறோம். அதான் பிரச்சினையா?

இல்லை. உலகத்தில் பெரும்பாலான குழந்தைகள் பெற்றோர் படுக்கும் அறையில்தான் தூங்குகின்றன. குழந்தைக்குத் தனி அறை என்பது சில நாடுகளின் பழக்கம். அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் படுப்பதில் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. கைக்குழந்தைக்கு அது பாதுகாப்பும்கூட.

தூக்கத்தைக் கெடுப்பது ஒரே அறையில் படுப்பதல்ல, அந்த அறையிலேயே மற்ற எல்லாமும் நடப்பதுதான். சமையல், டிவி, அண்ணனின் வீட்டுப்பாடம், அப்பாவின் ராத்திரிச் சாப்பாடு, விடிகாலைத் தண்ணீர்க் குடம் எல்லாம் குழந்தையின் தலைமாட்டிலேயே நடக்கின்றன. இதோடு வெக்கையும் கொசுவும். ஆகவே அறையைப் பிரிக்க முடியாவிட்டாலும் ஒவ்வொன்றாக எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதுதான் வழி. கீழே வருவது எல்லாம் அதுதான்.

எங்கம்மா ஆறு பிள்ளைங்களைக் குடிசையிலதான் வளத்தாங்க. அப்ப எல்லாரும் தூங்கலையா?

தூங்கியிருப்பார்கள். ஓலைக்கூரை வெயிலை உள்ளே அவ்வளவு விடாது. எட்டு மணிக்கு விளக்கை அணைத்தால் தெருவே இருட்டு. டிவியும் போனும் இல்லை. இன்று நீங்கள் இருப்பது சூடேறிய கான்கிரீட் பெட்டி, ஜன்னலுக்கு நேரே தெருவிளக்கு. அதற்காகக் குடிசைக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தீயும் மழையும் அங்கே எத்தனை இரவுகளைத் தின்றன என்று உங்கள் அம்மாவையே கேளுங்கள்.

டிவி ஓடும்போதே என் பொண்ணு தூங்கிடுவா. சத்தம் பழகிடுச்சு. அப்புறம் என்ன?

தூங்கிவிடுவது வேறு, தூக்கம் கலையாமல் இருப்பது வேறு. சின்னக் குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது லேசாக மேலே வரும். அந்த நேரம் அமைதியாக இருந்தால் திரும்ப அமிழ்ந்துவிடும். குக்கர் விசிலோ சீரியல் சண்டையோ கேட்டால் முழுதாக விழிக்கும், அல்லது விழிக்காமலேயே புரண்டு புரண்டு படுக்கும். அசந்து தூங்கியதுபோல நமக்குத் தெரிந்தாலும் காலையில் எரிச்சலோடு எழுவதற்கு இது ஒரு காரணம்.

இந்த ஊரிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பெரியவர்களின் தூக்கத்தை மணிக்கட்டில் கட்டும் கருவியால் அளந்து 2021ல் வெளியிட்டார்கள். படுக்கையில் கிடந்தது சுமார் எட்டு மணி நேரம். உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அதுவும் துண்டு துண்டாக. அது பெரியவர்களைப் பற்றியது. ஆனாலும் அதே மாதிரி வீடுகளில், அதே பாயில்தான் குழந்தைகளும் படுத்திருக்கின்றன.

சத்தத்தைக் கூடக் குறைச்சுடலாம். லைட்டை அணைச்சா அவங்கண்ணன் எப்படிப் படிப்பான்?

வெளிச்சமும் தூக்கத்தைக் கெடுக்கும், ஆனால் சரிசெய்வது சுலபம். இருட்டினால் உடம்பில் மெலடோனின் என்ற சுரப்பு கூடும். தூக்கத்துக்கு நேரமாயிற்று என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைப் படுக்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சுரப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்தது. சின்னக் கண்ணுக்குள் பெரியவர்களைவிட வெளிச்சம் அதிகம் நுழைவதும் இதற்கு ஒரு காரணம்.

அதனால் எட்டு மணிக்கு மேல் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு அண்ணனுக்கு ஒரு மேசை விளக்கோ, சுவரைப் பார்த்த சின்ன பல்போ போதும். குழந்தையை மூலையில், விளக்குக்கு முதுகு காட்டிப் படுக்க வையுங்கள். நடுவில் ஒரு கொடி கட்டிப் பழைய காட்டன் புடவை ஒன்றைத் தொங்கவிட்டால் அதுதான் உங்கள் தனி அறை. காற்று வரும் பக்கத்தை மட்டும் மறைக்காதீர்கள். அடுப்பு, விளக்கு, கொசுவத்தி எதுவும் அந்தப் புடவைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ராத்திரி எழுந்து பார்க்க மஞ்சள் ஜீரோ வாட் பல்பு போதும்.

போன் இந்தக் கணக்கில் தனி. அது வெளிச்சமும் வேடிக்கையும் சேர்ந்தது, தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் கையில் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது மேலே சொன்ன 2019 வழிகாட்டி.

கடைசி மாடி எங்களுது. ராத்திரி பதினோரு மணிக்கும் செவுரு கொதிக்குது. பாப்பா வேர்த்து வேர்த்து முழிக்குது.

என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். தூக்கம் வர வேண்டுமானால் உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை நடுராத்திரி வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகள் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் குழந்தை மதியம் தூங்கும் நேரத்தில் அவை அடுப்பு மாதிரி.

செய்யக்கூடியவை: மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் வீட்டுக்குள் சூடு குறைவது கையிலேயே தெரியும். அடுக்குமாடியில் இது ஒரு வீட்டுக்காரர் வேலை இல்லை. பிளாக்கில் எல்லாரும் சேர்ந்து, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பழைய குடிசை மாற்று வாரியம்தான், 2021ல் பெயர் மாறியது. உங்கள் கையில் இருப்பது: மேற்கு ஜன்னலை மதியம் மூடி, இருட்டியதும் கதவையும் ஜன்னலையும் எதிரெதிராகத் திறந்துவிடுவது. சீலிங் ஃபேன் தளத்துச் சூட்டையே கீழே தள்ளினால், டேபிள் ஃபேனை ஜன்னல் பக்கம் வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுப்பது. படுக்கும் முன் குழந்தைக்கு ஒரு குளியல், அல்லது ஈரத்துணியால் துடைத்துவிடுவது.

படுக்கையையும் பாருங்கள். ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும், கோரைப்பாய் வைக்காது. பாப்பாவின் அடியில் போடும் ரப்பர் ஷீட் முதுகில் வியர்க்குரு வரவழைக்கும். அதன் மேல் மடித்த காட்டன் துணி ஒன்றை இழுத்து விரியுங்கள். மே மாதத்தில் கைக்குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், இறுக்கிச் சுற்றிய துண்டு எதுவும் வேண்டாம். கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் துணி அதிகம்.

ராவெல்லாம் ஃபேன் ஓடினா பில்லு ஏறாதா? சளி வேற பிடிக்கும்னு மாமியார் சொல்றாங்க.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதில் பாதிக்குள் அடங்கிவிடுகிறது. இப்போது வரும் 28 வாட் ஃபேன் என்றால் 17 யூனிட்தான். வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீட்டுக்காரர் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அந்த அநியாயத்துக்கு ஃபேன் என்ன செய்யும்.

சளி கிருமியால் வருகிறது, ஃபேனால் வருவதில்லை. ஆனால் காற்று நேரே முகத்தில் அடித்தால் மூக்கு காய்ந்து உறுத்தும், அதைத்தான் மாமியார் பார்த்திருப்பார். டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், இரண்டு பேருக்கும் சமாதானம்.

கொசுவத்தி ஏத்துனாத்தான் தூங்குறான். அணைச்சா கடிச்சு எழுப்பிடுது.

கொசுக்கடி தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கொசுவத்திச் சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003ல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சின்ன அறை, மூடிய ஜன்னல், தரையோடு படுத்த குழந்தை. இருமலும் இழுப்பும் வந்து அதுவே தூக்கத்தைக் கலைக்கும்.

கொசுவலைதான் சரியான பதில். கைக்குழந்தைக்குக் குடை மாதிரி விரியும் சின்ன வலை. பெரிய குடும்பத்துக்கு நாலு மூலை ஆணியில் கட்டும் வலை, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட வேண்டும். வலைக்குள் வெக்கை என்பார்கள், உண்மைதான். ஃபேன் காற்று வலையின் மேல் படும்படி வையுங்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், ஆகவே மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும். வத்தியை விடவே முடியாது என்றால் சாயங்காலம் குழந்தையை வெளியே வைத்துக்கொண்டு ஏற்றுங்கள். படுக்கும் முன் அணைத்து, ஜன்னலைத் திறந்து புகையை வெளியேற்றிவிடுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கொசுவிரட்டிக் களிம்பு பூசக் கூடாது.

தூளியில போட்டாத்தான் கண்ணு மூடுது. கீழ போட்டா எழுந்துடுது.

இடம் இல்லாத வீட்டில் தூளி ஒரு வரம். பூச்சியிலிருந்தும் நடப்பவர் காலிலிருந்தும் குழந்தை தப்பிக்கிறது. ஆட்டினால் தூக்கம் வருவதும் உண்மை. ஆனால் பிறந்த சில மாதங்களில் கழுத்து நிற்காத குழந்தை தூளிக்குள் வளைந்து கிடக்கும்போது தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடும். தூளியில் தூங்க வையுங்கள், கண் அசந்து பத்து நிமிடம் கழித்துப் பாயில் மல்லாக்கப் போடுங்கள். விடுவதற்கு முன் உடம்பை முதலிலும் தலையைக் கடைசியிலும் கிடத்தி, ஒரு கையை நெஞ்சில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் எழுவது குறையும்.

குழந்தை தானாகக் குப்புற விழவோ எழுந்து உட்காரவோ ஆரம்பித்ததும் தூளிக்கு ஓய்வு. வேலை முடிந்ததும் அதைச் சுருட்டி மேலே முடிந்துவிடுங்கள். பெரிய பிள்ளைகள் தொங்கவிட்ட புடவையில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

கைக்குழந்தையைப் பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்கலாமா, கூடாதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒரே படுக்கை வேண்டாம், ஒரே அறை போதும் என்கிறது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் அங்கே 1994ல் தொடங்கிய பிறகு தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் சாவுகள் பாதிக்கு மேல் குறைந்தன. ஆகவே மல்லாக்க என்பதில் பேரம் இல்லை.

பக்கத்தில் படுப்பது பற்றி: தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களுக்கு மெத்தையின் பள்ளமும் கட்டிலிலிருந்து விழும் பயமும் இல்லை. குழந்தைக்குத் தனியாக ஒரு சின்னப் பாய், உங்கள் கை எட்டும் தூரத்தில். இதற்குச் செலவே இல்லை, பால் கொடுக்க எழுந்து நடக்கவும் வேண்டாம். தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் அதன் முகத்துக்கு அருகே வேண்டாம். இரண்டு பேருக்கு நடுவிலோ, தூக்கத்தில் உருளும் மூத்த பிள்ளைக்குப் பக்கத்திலோ போடாதீர்கள். குறைமாதம், அல்லது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை என்றால் தனிப் பாய் கட்டாயம். வீட்டில் யாராவது குடித்துவிட்டு வந்தால், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால், அவர் அறையின் அந்தக் கோடியில் படுக்கட்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

அவரு வேலை முடிஞ்சு வரவே பத்தரை ஆகுது. அப்பாவைப் பாக்காம தூங்க மாட்டேங்குறான்.

பாசத்தைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் வராது. கணக்கை மட்டும் பாருங்கள். பத்தரைக்குத் தூங்கி அங்கன்வாடிக்காக ஆறரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம். மதியம் இரண்டு சேர்த்தால் பத்து. மூன்று வயதுக்கு அது குறைந்தபட்ச எல்லை, இரண்டு வயதுக்குப் போதாது.

காலையில் அவர் வீட்டில் இருப்பார் என்றால் பல் தேய்த்துவிடுவது, குளிப்பாட்டுவது, அங்கன்வாடியில் கொண்டுபோய் விடுவதை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ராத்திரியில் எட்டரைக்கு ஒரு போன், பிறகு விளக்கு அணைப்பு. முகம் கழுவுதல், பால், ஒரு கதை அல்லது பாட்டு, படுக்கை என்று தினமும் ஒரே வரிசை வையுங்கள். வரிசை மாறாமல் இருந்தால் தூங்க எடுக்கும் நேரமும் நடுவில் எழுவதும் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கு இடமும் பணமும் தேவையில்லை.

நான் அஞ்சு மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்பணும். பிள்ளையைத் தூக்கத்துலயே தூக்கிட்டுப் போய் அக்கா வீட்டுல விடுறேன். தப்பா?

ஊருக்கு வெளியே கொண்டுவந்து குடிவைத்துவிட்டு, வேலையை மட்டும் அடையாறிலும் மயிலாப்பூரிலும் விட்டுவைத்தால் ஒரு அம்மா வேறு என்ன செய்வார்? இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. முடிந்தால் பிள்ளையை நகர்த்தாமல் அக்காவை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், ராத்திரியே அக்கா வீட்டில் படுக்க வைத்துவிடுவது நடுவில் எழுப்புவதைவிட மேல். அதுவும் முடியாது என்றால், படுக்கும் நேரத்தை அரை மணி முன்னே தள்ளுங்கள். டிபன் பாத்திரம், குடம், துணிகளை முதல் நாளே எடுத்து வைத்துவிட்டால் காலைச் சத்தம் குறையும்.

அங்கன்வாடில மதியம் தூங்க வெச்சிடுறாங்க. அதனாலதான் ராத்திரி பத்தாகியும் ஆட்டம். தூங்க வைக்காதீங்கன்னு சொல்லிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். பல குழந்தைகளுக்கு அன்றைக்குக் கிடைக்கும் தூக்கத்திலேயே இடைஞ்சல் இல்லாதது அந்த மதியத் தூக்கம்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2013ல் வெளியிட்ட ஆய்வில், மதியம் தூங்கிய மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலையில் கற்றது கூடுதலாக நினைவில் நின்றது. மேலே சொன்ன சென்னை ஆய்விலும் இதே கதை. ஃபேன், மெத்தை எல்லாம் கொடுத்து ராத்திரித் தூக்கத்தை அரை மணி நேரம் கூட்டியபோது பகலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அமைதியான இடத்தில் மதியம் அரை மணி நேரம் தூங்கியவர்களுக்குத்தான் வேலையும் மனநிலையும் மேம்பட்டன.

நேரத்தை மட்டும் பேசுங்கள். மூன்று மணிக்குள் எழுப்பிவிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து ஐந்து மணிக்கு மறுபடி சாய்ந்தால் அதுதான் ராத்திரியைக் கெடுப்பது. அந்த நேரத்தில் வெளியே விளையாட விடுங்கள்.

ராத்திரி மட்டும் சொறிஞ்சுக்கிட்டே புரளுறா. பகல்ல ஒண்ணும் இல்ல.

ஆசனவாய்ப் பக்கம் அரிப்பு என்றால் கீரிப்பூச்சி. அது ராத்திரியில்தான் வெளியே வந்து முட்டை இடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி என்றால் சிரங்கு. இரண்டும் ஒரே பாய், ஒரே போர்வையில் எல்லாருக்கும் பரவும். குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் ஒரு வாரத்தில் திரும்பிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து வாங்குங்கள். அன்றே துணியைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள்.

அரிப்பு இல்லாமல் கால் மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தால் ரத்தச் சோகைக்குப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு தூக்கத்தைக் கெடுக்கும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தச் சோகை உள்ளவர்கள்.

குறட்டை விட்டா நல்ல தூக்கம்தானே?

சளி பிடித்தபோது மட்டும் என்றால் சரி. வாரத்தில் பல நாள், வாயைத் திறந்தபடி, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால் தொண்டைச் சதையோ (டான்சில்) மூக்கடிச் சதையோ (அடினாய்டு) வீங்கியிருக்கலாம். இது பாயாலோ ஃபேனாலோ சரியாகாது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ பக்கத்து அரசு மருத்துவமனைக் காது மூக்குத் தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

இருமல் மருந்து ஒரு ஸ்பூன் கொடுத்தா காலை வரைக்கும் அசையாம தூங்குது. கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. அது மயக்கம். குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. வசம்பு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம்.

தூக்கம் கெட்டா படிப்பு வராதுன்னு டீச்சர் சொல்றாங்க. எங்க பிள்ளைங்களுக்கு விதி அவ்ளோதானா?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்து 2007ல் வந்த ஆய்வு இதற்கு நல்ல பதில். நன்றாகத் தூங்கியபோது வசதியான வீட்டுக் குழந்தைகளும் வசதி குறைந்தவர்களும் அறிவுத்திறன் சோதனையில் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்தார்கள். தூக்கம் கெட்டபோது வசதி குறைந்தவர்கள் அதிகம் பின்தங்கினார்கள். அதாவது உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு அரை மணி நேரத் தூக்கமும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பதைவிட அதிக வேலை செய்யும். டீச்சர் இதைப் பயமுறுத்தும் வாக்கியமாகச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்க எல்லாம் அணைச்சாலும் தெருவுல ஸ்பீக்கர் அலறுது. யார்கிட்டப் போறது?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாள்களுக்கென்று மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள்வரை, அதுவும் நள்ளிரவு வரைதான் தளர்வு தர முடியும். 100க்குப் போன் போடலாம். தனியாகப் புகார் செய்தால் பகை வரும் என்ற பயம் நியாயமானது. கைக்குழந்தை உள்ள நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து விழாக் குழுவிடம் முன்கூட்டியே பேசி, குழாயின் வாயை வீட்டுப் பக்கம் திருப்பாமல் கட்டச் சொல்வது பல இடங்களில் பலிக்கிறது.

வேற வாடகை வீடு பாக்குறோம். பிள்ளை தூக்கத்துக்காக எதைக் கவனிக்கணும்?

வீட்டைப் பகலில் பார்க்காமல் இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்குச் சுவரிலும் கூரையிலும் கை வைத்துப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு திறப்பு இருக்கிறதா? தெருவிளக்கு எந்த ஜன்னலில் விழுகிறது? தண்ணீர் மோட்டார், லிஃப்ட், குப்பைத் தொட்டி, டாஸ்மாக் எவ்வளவு தூரம்? நடு மாடி கிடைத்தால் கடைசி மாடியைவிட வெக்கை குறைவு, தரைத்தளத்தைவிடக் கொசுவும் மழைத் தண்ணீரும் குறைவு. சுவர் ஓரத்தில் கறுப்பாகப் பூசணம் படிந்திருந்தால் அந்த வீடு வேண்டாம், இழுப்பு உள்ள குழந்தைக்கு மழைக்காலம் முழுதும் தூக்கம் இருக்காது. வாடகை இருநூறு, முந்நூறு குறைகிறதே என்று அதை எடுத்துவிட்டு மாதாமாதம் மருந்துக்கடையில் கொடுப்பவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.